காயாத எழுத்து

தேர்தலுக்கு இருபது நாள் இருக்கையில், முத்துப்பேச்சி வீட்டுச் சுவரில் ஒரு கட்சியின் ஆட்கள் நீல எழுத்தில் ‘வீடுதோறும் குடிநீர்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்று நாள் வெயில் அடித்தும் எழுத்து காயவில்லை. தொட்டுப் பார்த்தவர்களின் விரலில் நீலம் ஒட்டவில்லை. ஈரம் மட்டும் ஒட்டியது. எதிர்வீட்டுச் செல்லக்கனி சுவரில் காதை வைத்துக் கேட்டாள்.

“உள்ள எங்கயோ ஓடுதுக்கா,” என்றாள்.

முத்துப்பேச்சி தன் குடத்தை எடுத்து வந்து சுவரடியில் வைத்தாள். மதியத்துக்குள் தெருவின் குடங்களெல்லாம் அதன் பின்னால் வரிசையில் வந்து நின்றன. வேலைக்குப் போயிருந்தவர்களுக்காகச் செங்கற்கள் இடம் பிடித்திருந்தன.

நான்காம் நாள் எதிர்க்கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். பழைய எழுத்தை அழித்துவிட்டுத் தங்களுடையதை எழுத வேண்டுமாம். நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்து அவர்களில் ஒருவன் சிரித்தான்.

“அவங்க எழுதுனதப் போயி நம்பிட்டு இருக்கீங்களேக்கா!”

“நீங்களும் எழுதிட்டுப் போங்க தம்பி,” என்றாள் முத்துப்பேச்சி. “கொடத்த மட்டும் நகட்டிராதீங்க. வரிச கலைஞ்சிரும்.”