பத்தொன்பது டிகிரி

அறையில் நான், அம்மா, நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கணினி. அதில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த வீடியோ வேலை முடிய இருபது நிமிடம் இருந்தது. மாலைக்குள் கொடுக்காவிட்டால் இந்த உத்தியோகமும் போய்விடும்.

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் கணினி விசிறியின் இரைச்சலில் எழுந்து வந்து, "வீடா இது, மில்லா?" என்று கத்தினான். கணினியின் பக்கத் தகடு திறந்தே கிடந்தது. பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறியின் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

"உனக்கு அறிவிருக்கா? சூடேறி அணைஞ்சிடும்!"

"அணையட்டும். படிப்பைப் பாதியில விட்டவன்தானே, இதையும் விடு." பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். அவனை அறைந்திருப்பேன். அதற்குள் திரையில் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தேன்.

பிராசஸரின் சூடு ஏறவில்லை, இறங்கியது. ஐம்பது. முப்பத்தைந்து. பத்தொன்பதில் நின்றது. அறையே முப்பத்தொரு டிகிரி. விசிறி சுற்றவில்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் கண் செருகி, பெட்டியில் ஊன்றிய கையை எடுக்காமல் நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அம்மா அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"அடுப்பா கொதிக்குதுடா! டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்."

அவன் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எண் ஒரே தாவலில் எண்பதைத் தொட்டது. கையை மறுபடி அதே இடத்தில் வைத்தேன். பத்தொன்பது.

"என்னடா பண்றே?"

"கால் மணி நேரம்தாம்மா. சத்தம் வேண்டாம்னுதானே கேட்டான்?"

அவளைத் தோளைப் பிடித்து வெளியே விட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.