தீர்மானம் எண் முப்பத்தொன்பது

"பார்லிமென்டுல போட்டதா இருந்தாலும் செரி, பஞ்சாயத்துல போட்டதா இருந்தாலும் செரி, தீர்மானம்னு போட்டா நடத்தணும். இல்லன்னா எதுக்காக்கும் போடுகது?" என்றபடி டைட்டஸ் செயல் அலுவலரின் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார்.

கடிதத்தின் தலைப்பில் 'தீர்மான அமலாக்கக் கண்காணிப்புப் பேரவை' என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று இடங்களிலும் டைட்டஸ் என்றே கையெழுத்து.

அந்தக் கடலோரப் பேரூராட்சிக்குச் செயல் அலுவலராகப் பிரிஜா மாற்றலாகி வந்து இரண்டே நாள். எந்தத் தீர்மானம் என்று பொறுமையாகக் கேட்டார்.

முப்பத்தொன்பதாம் எண். ஊருக்கு உழைத்த ஒருவரின் பெயரைக் குருசடித் தெருவுக்குச் சூட்ட மன்றம் ஒருமனதாக முடிவெடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. அன்று கூட்டத்தில் எண்ணை மட்டும் வாசித்தார்கள். டீ ஆறுவதற்குள் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாக் கொடியேற்றம். கல்ஃபில் இருப்பவர்களெல்லாம் வந்து இறங்குவார்கள். அதற்குள் பெயர்ப் பலகை தெருமுனையில் நிற்காவிட்டால் அலுவலக வாசலில் பாய் விரித்துப் படுத்துவிடுவதாக டைட்டஸ் சொன்னார்.

"அவ்வளவு பெரிய மனுசரா சார்?"

டைட்டஸ் விரல் மடக்கத் தொடங்கினார். அந்த மனிதர் கவுன்சிலராக இருந்து கொண்டுவந்த குழாய், விளக்கு, சாக்கடை ஓடைக்கு மூடி எல்லாவற்றையும் அடுக்கினார். குழாயில் தண்ணீர் வராததும், மூடி உடைந்து இருவர் கால் ஒடிந்ததும் அந்த அடுக்கில் இல்லை.

"பேரும் புகழும் எதிர்பாக்காத ஜென்மம் மேடம்," என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருக்கம்."

பக்கத்தில் நின்ற கிளார்க் வினோஜுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே போய்க் கோப்பை எடுத்துவந்தார். பலகை எழுதி முடித்து ஸ்டோரில்தான் கிடக்கிறது, மாட்டச் சொல்லித்தான் எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை என்றார்.

"கேட்டியளா? பலகை இருக்கு, தீர்மானம் இருக்கு. அதிகாரிமாருக்கு மனசுதான் இல்ல." டைட்டஸ் நாற்காலியில் சாய்ந்தார். "அதுல உள்ளத அப்படியே நடத்துங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல்ல."

பிரிஜா கோப்பைப் பிரித்து வாய்விட்டு வாசித்தார்.

"காலஞ்சென்ற முன்னாள் கவுன்சிலர் டைட்டஸ் அவர்களின் பெயர், உயிரோடிருப்போர் பெயரைச் சூட்டலாகாது என்ற விதி அன்னாருக்குப் பொருந்தாததால்..."

கடிதத்தில் இருந்த கையெழுத்தையும் எதிரே இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

"பலகைய நாங்க மாட்டிடுகோம் சார். தீர்மானத்துல உள்ள முதல் வார்த்தைய மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க நடத்தித் தாங்க."