முடிவைச் சொல்லக் கூடாது

“முடிவை மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!”

மூன்று குரல்கள் ஒன்றாகப் பாய்ந்ததில் பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், இங்கே வந்தால் மூடிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் அந்த வாசகர் வட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். கடைசியாகப் படித்த புத்தகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். முடிவைச் சொல்லக் கூடாது. மீறினால் அன்றைக்கு எல்லோருடைய தம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும்.

விதியைப் போட்டவர் தலைவர். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார் என்று பெயர் எடுத்தவர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, மடியில் பிளாஸ்க்கோடு. வெளி டீ தலைவருக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டுக் காபிதான். அதை ஊற்றிக் கொடுக்கத்தான் அவள் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தலைவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

“தொண்டை காயுது. காபியை ஊத்து” என்றார் தலைவர்.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் மனைவி. “நானும் ஒரு கதை படிச்சேன். சொல்லட்டுமா?”

இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறையில் வாயைத் திறந்ததே இல்லை. வட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“அட! சமையல் குறிப்பையே பாதியில மூடி வைக்கிறவளாச்சே!” தலைவர் சிரித்தார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரித்துவிடுவார்கள். “சொல்லு, சொல்லு.”

“யார் எழுதினதுங்க?” என்று கேட்டாள் வங்கி மேலாளர்.

“அட்டை கிழிஞ்சு போச்சு, பேர் தெரியல. ஒரு நீதிபதி. அவரு மாதிரி தங்கமான மனுஷன் கிடையாதுன்னு ஊரே சொல்லும். கதவைச் சாத்திட்டா வேற ஆளு. பெண்டாட்டியை அடிப்பாரு. முகத்துல அடிக்க மாட்டாரு, துணி மூடற இடமாப் பாத்துதான் அடிப்பாரு. அடிச்சு முடிச்சிட்டு, பொறுமையா கையைக் கழுவிட்டு, உக்காந்து புத்தகம் படிப்பாரு.”

மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த தலைவரின் விரல்கள் நின்றன.

அறையில் அப்படி ஒரு புழுக்கம். ஆளாளுக்குக் கையில் இருந்த புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் கை நீண்ட ரவிக்கை போட்டிருந்தாள். அதை அங்கே யாரும் கவனித்ததில்லை. நுணுக்கமான வாசகர்கள், எழுத்துப் பிழை என்றால் ஒன்றுகூடத் தப்பாது.

“பிள்ளைங்ககிட்ட அவ சொல்லிப் பாத்தா. ‘அப்பாவையா இப்படிப் பேசறே’ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லல.” அவள் வட்டத்தைப் பார்த்தாள். “அவளைப் பத்தி நீங்கல்லாம் என்ன நினைக்கிறீங்க? எனக்கு அதுதான் தெரியணும்.”

டாக்டர்தான் முதலில் ஆரம்பித்தார். “எனக்கு ஒட்டவே இல்லைங்க. படிச்ச மனுஷன், அதுவும் நீதிபதி, இப்படியா நடந்துக்குவான்? எழுதினவருக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி.”

“எனக்கு அவ மேலதான் கோபம் வருது” என்றாள் வங்கி மேலாளர். “இத்தனை காலம் அடி வாங்கிக்கிட்டு இருந்தாள்னா, அவளுக்கும் அது பழகிப்போச்சுன்னுதானே அர்த்தம்? இந்த மாதிரி அழுமூஞ்சிக் கதையெல்லாம் இனிமே கொண்டு வராதீங்க.”

மிச்சம் இருந்தது நூலகர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். அந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே தலைவர்தான். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். தலைவரைப் பார்த்தாள்.

“நடை எப்படி இருந்துச்சுங்கம்மா?” என்று கேட்டாள்.

“நடையா? நடை நல்லா இருந்துச்சும்மா.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒருதலைப்பட்சமான கதை. அவன் பக்கத்து நியாயத்தை ஒரு வரிகூடச் சொல்லல. அவ அவனை என்ன பாடு படுத்தினாளோ, யாரு கண்டா?”

“முடிவைக் கேட்டா உங்களுக்கே புரியும்” என்றாள் மனைவி, அவரை நேராகப் பார்த்து. “கடைசியில அவ…”

தலைவர் விரலை உயர்த்தினார். “முடிவைச் சொல்லக் கூடாது. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், என் வீட்டுக்காரிக்கும் சேர்த்துத்தான்!”

டாக்டர் கை தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து மூடி நிறையக் காபி ஊற்றிக் கொடுத்தாள். தலைவர் ரசித்துக் குடித்தார். இன்னும் ஒரு மூடி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த புத்தகத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

வெளியே குழாயடியில் அவள் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது நூலகர் பின்னாலேயே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அம்மா, உள்ளே என்னால பேச முடியல. அந்தக் கதை மனசைப் பிசையுது. முடிவை எனக்கு மட்டும் சொல்லுங்களேன்.”

தலைவரின் மனைவி பிளாஸ்க்கைக் கவிழ்த்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டாள்.

“இதை நீ உள்ளேயே கேட்டிருக்கலாமேம்மா. ஒருத்தராவது ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டா, காபியைக் கீழ கொட்டிடணும்னுதான் அவ வந்தா.”

உள்ளே ஒரு நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது.