கிழக்கு மேற்காகப் போட்ட கோர்ட்

"எங்க வீட்டம்மாவை அஞ்சே பந்துல ஜெயிச்சுக் காட்டுதேன்."

சொன்னது அவர்.

திடலே சிரித்தது. நூலகத்துச் சுவரில் இருந்த காக்கை சிரிப்புத் தாங்காமல் பறந்துபோய், மறுநாள்தான் திரும்பி வந்ததாகக் கேள்வி.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பூப்பந்தை அவரைவிட மோசமாக ஆட அந்த ஊரில் இனி ஒருவர் பிறந்து வந்தால்தான் உண்டு. அவர் அடித்த பந்து தண்ணீர்த் தொட்டியின் உச்சியைத் தொட்டிருக்கிறது. போகிற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் திருச்செந்தூர்வரை போயிருக்கிறது.

வலைக்கு அந்தப் பக்கத் தரையை மட்டும் தொட்டதில்லை.

அவர் மனைவி பிரம்மசக்தியோ, படிக்கிற காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவள். இப்போது பேரூராட்சி இன்ஜினியர். இந்தக் கோர்ட்டே அவள் வரைந்து, அவள் நின்று கட்டியதுதான்.

வழக்கும் அதைப் பற்றித்தான்.

கோர்ட்டைக் கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டாள். சாயங்காலம் கிழக்குப் பக்கம் நிற்கிறவன் கண்ணுக்குள் சூரியன் குடியேறிவிடுகிறது. பந்தும் மஞ்சள், வெயிலும் மஞ்சள். இருட்டுவதற்குள் ஒரே ஒரு செட்தான் ஆட முடியும். ஆகவே டாஸில் மேற்கு கிடைத்தவன் ஜெயித்தான். டாஸில் தோற்றவர்கள் மட்டையை உறையிலிருந்து எடுக்காமலே கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பழகிவிட்டார்கள். ஒரு போட்டியில் கோப்பையே அப்படித்தான் கைமாறியது. யாருக்கும் வியர்க்கவில்லை.

பெயர்த்துவிட்டுத் தெற்கு வடக்காகப் போடச் சொன்னார்கள் ஆட்டக்காரர்கள்.

ஆடத் தெரியாதவன் வெயிலைக் குற்றம் சொல்வான் என்றாள் பிரம்மசக்தி.

அவள் வாயால் தப்பு என்று சொன்னால் பெயர்க்கலாம் என்றார் செயல் அலுவலர். அதைக் கேட்கத்தான் இன்று அவரும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நம்மவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே சொன்ன வார்த்தையைச் சொன்னார். இவரே ஜெயித்துவிட்டால் கோர்ட் கோணல் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அவர் மேற்கில் நின்றார். முதுகில் வெயில்.

அவள் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு கிழக்கில் நின்றாள்.

"மொதல்ல பந்து வலையத் தாண்டட்டும்."

தாண்டியது.

அவரே நம்பவில்லை.

அவள் மட்டையை ஓங்கினாள். பந்து எங்கோ இருந்தது, மட்டை எங்கோ இருந்தது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அவள் தோளில் பட்டு விழுந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மொட்டைமாடியிலும் தெருவிலும் கடற்கரையிலும், அவளிடம் ஒரு பாயிண்ட் எடுத்தவரில்லை அவர். எடுத்தால் வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தார். விழவில்லை. அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் பந்தைத் தேடினாள்.

அவள் தேடி அவர் பார்த்ததே இல்லை.

நான்காவது பந்தை மெதுவாகத்தான் போட்டார். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது கடைசி.

அத்தனை வருஷத்தையும் கைக்குக் கொண்டுவந்து அடித்தார். பந்து வலையை உரசாமல் தாழ்வாகப் போய், பின்கோட்டின் மூலையில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அவள் பாய்ந்தாள். ஒரு சாண் எட்டவில்லை.



"என்ன மேடம், கோர்ட் தப்புதானா?" என்றார் செயல் அலுவலர்.

கோர்ட் சரி என்றால், இந்த மனுஷன் அவளை நேர்மையாக ஜெயித்திருக்கிறார். தப்பு என்றால், ஆடி மாதம் ஓய்வுபெறப் போகிறவளின் கடைசி வேலையை ஊர் பார்க்கப் பெயர்த்துப் போடுவார்கள்.

அவள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"தப்புதான் சார். பார்க்க வாற பொம்பளைங்க கண்ணு கூசாம உக்காரணும்னு நினைச்சுப் போட்டேன். ஆடுறவங்களை நினைக்கலை."

விசில் பறந்தது. நான்கு பேர் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பாதி வழி போனபோது, ஜெயித்தது வெயில்தானே, அண்ணாச்சி எங்கே ஜெயித்தார் என்று ஒருவன் கேட்டுத் தொலைத்தான்.

யோசித்தார்கள்.

இறக்கிவிட்டார்கள்.

வழக்கு ஜெயித்தால் ஆட்டம் தோற்றுப்போகும் என்பது அதுவரை அவருக்கு உறைக்கவில்லை.

ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் இரண்டு மட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர். அவர் பேசாமல் பஜாரைக் கடந்ததை அந்த ஊர்க் கடைக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தாள்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கடைசிப் பந்து அடிக்கையில வெயில் மேகத்துக்குள்ள போயிருந்துச்சு."

அவர் மட்டைகளைப் பிடித்துக்கொண்டார்.

"பந்து நல்லாத் தெரிஞ்சுது. பாஞ்சு பாத்தேன், எட்டலை. அது நீங்க ஜெயிச்சதுதான்."