பானையின் கழுத்தில்

உடம்பு சூடேறினால் சிவந்து, வேலையை நிறுத்தச் சொல்லும் கைப்பட்டையை உப்பளத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக்கிய சட்டம், எம்.எல்.ஏ. மரகதவல்லி கொண்டுவந்தது. நான்கு கோடைகளாக ஒரு பட்டைகூடச் சிவக்கவில்லை என்று சட்டசபையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது, உப்பளத்து வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோன சுடலையாண்டியின் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“பட்டை பழுதாகிப்போச்சா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லம்மா. சிவந்தா அப்பவே வீட்டுக்கு அனுப்பிருவாக, மறுநாளும் வேலை கிடையாது. அதான் எல்லாரும் அவுகவுக தண்ணிப் பானை கழுத்துல கட்டிட்டு உப்பு வாரப் போவாக,” என்றாள் சுடலையாண்டியின் மனைவி பேச்சித்தாய்.

உப்பளத்திலிருந்து கொண்டுவந்த பானை மூலையில் இருந்தது. அதன் ஈரக் கழுத்தில் பட்டை பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“பானை நல்லாத்தான் இருக்கு,” என்றாள் பேச்சித்தாய்.