மெஷினின் செல்லப் பெயர்

“அக்கா, ஓடி வா. இன்னொண்ணு மாட்டிக்கிச்சு.”

தூண்டிலில் மீன் விழுந்த மாதிரி தம்பி கூப்பிட்டான். அக்கா காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்தாள். சுவரெல்லாம் போர்வை தொங்கும் அந்தச் சின்ன அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. அங்கே உட்கார்ந்து ஒரு தடித்த நாவலின் முதல் பாகத்தை மூச்சுப் பிடித்து வாசித்து, பதிவு செய்து, தன் இணையதளத்தில் ஏற்றியிருந்தாள்.

அதற்குப் பணம் போட்டவர் பதிப்பாளர். இரண்டாம் பாகத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கதையைக் கேட்டவர்களில் ஐம்பது பேராவது ‘அடுத்தது எப்போது’ என்று எழுதிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். முடிவைச் சொல்ல இன்று ஐந்து மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் தளத்தில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று படிவம் வைத்த நாளிலிருந்து வந்து குவிந்தது லாட்டரிப் பரிசும், உடம்பு இளைக்கும் மாத்திரையும், வட்டியில்லாக் கடனும்தான். அந்தக் குப்பையைக் கிளறியே அக்காவுக்கு அரை நாள் போனது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி, இதெல்லாம் ஒரு வேலையா என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான்.

தன் தந்திரத்தை இப்போது மூன்றாவது தடவையாக விளக்கினான். படிவத்தில் பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்று பெட்டிகள். நாலாவதாக ‘உங்கள் செல்லப் பெயர்’ என்று ஒன்றை வைத்து, அதைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தான். பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குப்பை அனுப்பும் மெஷின் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதை எல்லாம் படித்து, எல்லாப் பெட்டியையும் நிரப்பிவிடும். நாலாவது பெட்டியில் ஒரு எழுத்து இருந்தாலும் செய்தி நேராகக் குப்பைக்குப் போய்விடும்.

“எலிப்பொறில தேங்காத்துண்டு வைக்கிற மாதிரிதான்க்கா. மனுஷன் எவனும் இதுல மாட்ட மாட்டான்.”

பொறி பிரமாதமாக வேலை செய்தது. ஒரே வாரத்தில் இன்பாக்ஸைத் துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மிஞ்சியவை மூன்றே கடிதங்கள். ஒன்று அம்மா எழுதியது; நடுவில் இருமுகிறாயே, வெந்நீர் குடி என்றிருந்தது. இன்னொன்று சித்தி. மூன்றாவது, படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம்பியே அனுப்பியது.

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று அவன் பெருமைப்பட்டான். சுத்தமாகத்தான் இருந்தது. அக்கா அந்த மூன்று கடிதங்களையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

எதற்கும் குப்பையை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றாள். மேலே நாலைந்து லாட்டரி. அதற்குக் கீழே, ‘உங்கள் குரலில் அந்தக் குடும்பமே என் அறைக்குள் வந்துவிட்டது. அடுத்த பாகம் எப்போது?’ செல்லப் பெயர்: வாயாடி. அதற்கும் கீழே ஒரு ‘புஜ்ஜி’, ஒரு ‘சின்னக்குட்டி’, மறுபடி மறுபடி ஒரு ‘குண்டு’. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

“டேய், இதெல்லாம் ஆளுங்க எழுதின மாதிரி இருக்கேடா.”

“இப்போ மெஷின் நம்மளைவிட நல்லா எழுதுதுக்கா. முதல்ல புகழும். நீ மயங்கிப் பதில் போட்டா லிங்க் அனுப்பும். அடுத்த நாள் உன் பேங்க் கணக்கு காலி.”

மெஷினுக்கு வாயாடி என்று பெயர் வைத்த அம்மா யாராக இருக்கும் என்று அக்கா கேட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ‘குண்டு’ மட்டும் ஒன்பது முறை எழுதியிருந்தது. விடாக்கண்டன் மெஷின் என்று தம்பி அதற்குப் பட்டம் கொடுத்தான். பதில் வராததால், தளத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு நேரிலேயே வருவதாகக் கடைசிச் செய்தியில் மிரட்டல் வேறு.

“வரட்டும். உட்கார வெச்சு, சார்ஜ் போட்டு அனுப்பலாம்.”

சிரிப்பு அடங்கியபோது அக்காவின் கண் கடிகாரத்தில் பட்டது. ஐந்து ஆகப்போகிறது. ஐம்பது பேர் எங்கே, அம்மாவும் சித்தியும் எங்கே? பணம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை மாதம் தொண்டை கட்ட வாசித்தது யார் காதிலும் விழவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மைக்கின் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

அழைப்பு மணி அடித்தது. தம்பி போய்க் கதவைத் திறந்தான். பருத்த உடம்புக்காரர் ஒருவர் வியர்த்து வழிய நின்றிருந்தார்.

“கதை வாசிக்கிற அம்மா வீடு இதுதானே? ஒன்பது தடவை எழுதிட்டேன் தம்பி. ‘நன்றி’ன்னு வருது, பதில் மட்டும் வரலை. எங்க சங்கத்துல அத்தனை பேரும் எழுதிட்டோம். கதையைப் பாதியில நிறுத்திட்டா எப்படி?”

அக்கா ஓடி வந்து “வாங்க” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

தம்பி விடவில்லை. படிவத்தை ஏதாவது தப்பாக நிரப்பியிருப்பீர்கள் என்றான்.

“ஒண்ணைக்கூட விடலையே. பேர், மெயில், செய்தி, செல்லப் பெயர். கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. கேட்டிருக்கீங்களேன்னு ‘குண்டு’ன்னு எழுதினேன்.”

உள்ளே பதிப்பாளரின் அழைப்பு ஒலிக்கத் தொடங்கியது. தம்பி மலைத்துப்போய் நின்றான்.

“அந்தப் பெட்டி கண்ணுக்கே தெரியாதே சார்.”

“எனக்கு எல்லாப் பெட்டியும் அப்படித்தான் தம்பி. உள்ளே இருக்கிறதை எல்லாம் கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லும், நாங்க நிரப்புவோம்” என்று சிரித்தபடி அவர் தன் வெள்ளைக் கோலை மடித்துவிட்டு, தம்பியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

குப்பைப் பெட்டியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அக்கா போனை எடுத்தாள். “சார், ஐம்பது பேர் போதுமா?”