விமானத்தில் மூன்று பேர்

“இது எந்த ஊர் சுடுகாடுப்பா?” என்று கேட்டபடி பர்சனல் ஆபீசர் ராமானுஜம் ஒரு போட்டோவை மேஜைமேல் தள்ளினார்.

வரதன் குனிந்து பார்த்தான். போட்டோவில் ஓர் அட்டை விமானத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கையை ஆட்டுகிறவன் சாட்சாத் அவனேதான். விமானத்தின் வயிற்றில் ‘திருவள்ளூர் சித்திரைத் திருவிழா 1978’ என்று எழுதியிருந்தது. போதாக்குறைக்குக் கீழே ஒரு சிலேட்டில் தேதி வேறு.

“அன்னிக்கு சாவுன்னு லீவ் லெட்டர் குடுத்திருக்கே. தேர்த் திருவிழாவிலே யாரைப்பா அடக்கம் பண்ணினே?”

ராமானுஜம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணிக்கு மறுபடியும் வா. பர்மனென்ட் லிஸ்ட் இன்னிக்கு மேலே போறது. அதுக்குள்ளே உன் விஷயத்தை முடிக்கணும்.”

வரதன் வெளியே கும்மிடிப்பூண்டி வெயிலுக்கு வந்தான். இந்தத் தொழிற்சாலையில் மூன்று வருடமாக அவன் டெம்பரவரி. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். லேத் பிரிவில் இந்தத் தடவை ஒரே ஓர் இடம்தான். அது அவனுக்கு, இல்லையென்றால் சுப்பிரமணிக்கு.

படத்தில் அவன் தோள்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தவனும் அதே சுப்பிரமணிதான்; வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே சிநேகிதன். இன்னொருவன் சின்னதுரை. திருவிழா நாளில் அவர்கள் இருவருக்கும் வார விடுமுறை, வரதனுக்கு மட்டும் டூட்டி. புதுவாயல் டீக்கடையில் லெட்டருக்கு யோசனை சொன்னதே சுப்பிரமணிதான்.

“தாத்தாவ சாவடிச்சுருடா.”

“அவரு ஏற்கெனவே ரெண்டு தபா போயிட்டாரு.”

“பெரியப்பா?”

“பொங்கலுக்குத்தான் போனாரு.”

“அப்ப மிச்சம் யாரு கீறாங்களோ, எழுதிக் குடுத்துட்டு வா. பஸ்ஸு போயிடும்.”

வரதன் தலையைச் சொறிந்து, மிச்சம் இருந்தவர்களில் ஒருவரை எழுதினான். எட்டிப் பார்த்த சின்னதுரை, “பாவம்டா, நாக்கு அழுவிடப் போவுது” என்றான். மூவரும் சிரித்தார்கள்.

திருவள்ளூரில் அன்று நல்ல கூட்டம். தேரைப் பார்த்தார்கள், ராட்டினத்தில் சுற்றினார்கள், பாம்பு உடம்புக்காரியைப் பார்த்து நிஜமா பொய்யா என்று அரை மணி நேரம் தர்க்கம் பண்ணினார்கள். கடைசியில் அட்டை விமானத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு காப்பி வாங்கினார்கள்.

சின்னதுரையின் காப்பி திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தொலைந்தது. வரதனுடையது வீட்டில், சாமி படத்தின் சட்டத்தில் செருகியிருந்தது. மகளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த மாமியார் கங்கம்மாவுக்கு அதைப் பார்த்து அலுக்கவே இல்லை. “எங்க மருமவன் கலெக்டரு கணக்கா குந்திக்கினு கீறாரு” என்று தெருவுக்கே காட்டிப் பெருமைப்பட்டாள்.

மீதி இருந்தது ஒரே ஒரு காப்பி. மேஜையில் கிடந்த போட்டோவின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருந்ததை வரதன் பார்த்திருந்தான். சுப்பிரமணி தினமும் கொண்டுவருவது சாம்பார் சாதம். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கேன்டீனில் அவன் எதிரே போய் நின்றான்.

“ஒரு வேலைக்காவ கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா!”

“இன்னாடா உளர்ற? இன்னா குழி?”

“போட்டோவ ஆபீசர் மேஜையில வெச்சது யாரு?”

“சத்தியமா நான் இல்லடா. எம் போட்டோ ஊட்ல டிரங்குப் பொட்டியில கீது. வந்து பாரு.”

“உன் ஊட்டு வாசப்படிய இனிமே மிதிப்பனா? லெட்டர் எழுதச் சொன்னவனும் நீ, போட்டுக் குடுத்தவனும் நீ!”

கையிலிருந்த டீயை வரதன் அவன் சட்டைமேல் வீசினான். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

சுப்பிரமணி திருப்பி அடிக்கவில்லை. “எட்டு வருசம் ஒரே தட்டுல துன்னோம்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அதுவும் வரதனுக்கு நடிப்பாகத்தான் பட்டது. கூடப் பிறந்தவன் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான், இது தாங்கவில்லை. குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தான்.

நாலு மணிக்கு ராமானுஜத்தின் முன்னால் கைகட்டி நின்றான்.

“சார், தப்பு என்னுதுதான். இன்னா தண்டனை வேணா குடுங்க. ஆனா அந்த எடத்த சுப்பிரமணிக்கு மட்டும் குடுக்காதீங்க. சிநேகிதனையே காட்டிக் குடுத்தவன் சார் அவன்.”

ராமானுஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சுப்பிரமணியா? அவன் இந்தப் பக்கமே வரலையே. நேத்து ஒரு அம்மா கேட் வாசல்லே வெயில்லே ரெண்டு மணி நேரம் நின்னுண்டிருந்தா. நான் வெளியே வந்ததும் கால்லே விழாத குறை. ‘இது எம் மருமவன் சாமி. எம் பொண்ணு வாயும் வயிறுமா கீறா. இவர பர்மனென்ட் பண்ணுங்க. கையெழுத்து போடறப்ப மொகம் ஞாபகம் இருக்கட்டும்’னு சொல்லி இந்தப் போட்டோவை என் கையிலே குடுத்துட்டுப் போனா.”

அந்த மஞ்சள் கறையை வரதன் இப்போதுதான் சரியாகப் பார்த்தான். அது சாம்பார் இல்லை. சாமி படத்துக்கு வைத்த மஞ்சள்.

ராமானுஜம் பைலிலிருந்து அவனுடைய லீவ் லெட்டரை உருவி எதிரே வைத்தார்.

“நீ எழுதினபடி பார்த்தா, அந்த அம்மா செத்து இன்னியோட இருபது நாளாச்சுப்பா!”